ஷட்டவுன் கொடுத்தால் ஆன்டிவைரஸில் மாட்டி நிற்கும் கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு போகும் சாலையில் எடைமேடை, இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, வைக்கோல் வியாபாரி, காய்கறி மண்டி என்று எங்கே நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பாதிக்கு மேல் இரண்டாம் கை. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், ஏற்கனவே வைத்திருந்தவர் போட்ட ஆன்டிவைரஸ். இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஷட்டவுன் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அந்தக் கை போகாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம்.

ஷட்டவுன் ஆக எவ்வளவு நேரம் எடுத்தால் சரி?

எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் 10 முதல் 20 நொடி. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 40 நொடி, சில நாள் ஒரு நிமிடம். தொடர்ந்து இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் கணக்குப் போடாதீர்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று நாள் குறித்துப் பாருங்கள். எரிச்சலில் இருக்கும்போது 50 நொடிகூட ஐந்து நிமிடமாகத் தெரியும்.

"அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்ற வாசகம் திரையில் இருந்தால் அது ஆன்டிவைரஸ் வேலை அல்ல. விண்டோஸ் அப்டேட். பழைய டிஸ்கில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். விட்டுவிடுங்கள்.

மாட்டி நிற்பது ஆன்டிவைரஸ்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். விண்டோஸ் மூன்று கட்டமாக மூடும்.

முதல் கட்டம், திறந்திருக்கும் புரோகிராம்கள். ஒவ்வொன்றிடமும் "மூடலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். 5 நொடியில் பதில் வராத புரோகிராமின் பெயரைப் பட்டியல் போட்டு, 'ஷட் டவுன் எனிவே' என்ற பட்டனையும் காட்டும். இங்கே நிற்பது பெரும்பாலும் சேமிக்காத டாலி (கணக்கு மென்பொருள்), வேர்டு, அல்லது தமிழும் மலையாளமும் தட்டச்சு செய்யப் போட்டிருக்கும் பழைய கீபோர்டு மென்பொருள். ஆன்டிவைரஸ் அபூர்வம்.

இரண்டாம் கட்டம், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள். திரையில் 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தும் சுற்றும் வட்டமும் மட்டும் இருக்கும். பெயர் எதுவும் தெரியாது. ஆன்டிவைரஸ் மாட்டும் இடம் இதுதான்.

மூன்றாம் கட்டத்தில் திரை கருப்பாகிவிடும், ஆனால் ஃபேன் சுற்றும், பவர் விளக்கு எரியும். இது டிரைவர் (விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் இணைப்பு மென்பொருள்), டிஸ்க், யுஎஸ்பியில் செருகிய சாதனம், அல்லது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (கீழே விளக்கியிருக்கிறோம்) சம்பந்தப்பட்டது. ஆன்டிவைரஸை எடுத்துவிட்டாலும் இது தீராது. அதைத் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸை அழித்துவிட்டு, கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய.

வட்டம் மட்டும்தான் சுற்றுகிறது. எந்த சர்வீஸ் என்று பெயரோடு தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் அதை எழுதி வைக்கிறது. மறுநாள் காலை ஸ்டார்ட்டில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள். இடது பக்கம் 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ்', கடைசியில் 'ஆபரேஷனல்'. நடுவில் வரும் பட்டியலில் 'ஈவென்ட் ஐடி' என்ற பத்தியைப் பாருங்கள். 200 என்றால் அணைய எடுத்த மொத்த நேரம். 203 என்றால் தாமதம் செய்த சர்வீஸ். 203-ஐ ஒருமுறை சொடுக்கினால் கீழே கோப்பின் பெயரும் 'டோட்டல் டைம்' என்ற எண்ணும் வரும். அந்த எண் மில்லிநொடியில் இருக்கும். 94000 என்று இருந்தால் 94 நொடி.

அதே பெயர் மூன்று நான்கு நாள் தொடர்ந்து வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நாள் வந்திருந்தால் விட்டுவிடுங்கள், அன்றைக்கு ஆன்டிவைரஸ் அப்டேட் இறங்கியிருக்கும்.

'விண்டோஸ் லாக்ஸ்' என்பதற்குள் 'சிஸ்டம்' பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே 41 அல்லது 6008 என்ற எண்கள் நிறைய இருந்தால், யாரோ முறையாக அணைக்காமல் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்திருக்கிறார்கள், அல்லது கரண்ட் போய் நின்றிருக்கிறது. ஷட்டவுன் மாட்டுவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம்.

ஆன்டிவைரஸ் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது?

மற்ற புரோகிராம்கள் மூடும்போது கோப்புகளை எழுதும். எழுதும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் பார்த்தாக வேண்டும். அதனால் அது வீட்டில் கடைசியாகப் படுக்கப் போகும் ஆள். தன் பங்குக்கு அன்றைய பதிவேட்டை எழுதி, பாதியில் நிற்கும் அப்டேட்டை முடித்து, பிறகுதான் இறங்கும். எந்த வைரஸும் இடையில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக அதன் சர்வீஸுக்குத் தற்காப்பும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் பல ஆன்டிவைரஸ்கள் மறுப்பது இதனால்தான்.

ஆகவே அது நிற்கிறது என்றால் பெரும்பாலும் வேறொன்றுக்காகக் காத்து நிற்கிறது. இன்னொரு ஆன்டிவைரஸுக்காக, நோய்ப்பட்ட டிஸ்குக்காக, அறுந்துபோன நெட்டுக்காக. எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

அதிகமாகக் கண்ணில் படும் காரணம் எது?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ். "நான் ஒன்றுதானே போட்டேன்" என்பீர்கள். லேப்டாப் வாங்கும்போதே ஒரு டிரயல் வந்திருக்கும். 30 நாளில் அது காலாவதியாகும், ஆனால் உள்ளே இறக்கிய டிரைவர் போகாது. அல்லது புனலூரிலோ கொல்லத்திலோ வாங்கிய பழைய சிஸ்டத்தில் முன்பு இருந்தவர் போட்டது, ஐகானை மட்டும் அழித்து விற்றிருப்பார்கள்.

இரண்டும் இருந்தால் நடப்பது இது: முதலாவது தன் பதிவேட்டை எழுதத் திறக்கும். இரண்டாவது "இரு, நான் பார்த்துவிடுகிறேன்" என்று அந்தக் கோப்பைப் பிடிக்கும். பார்த்ததைத் தன் பதிவேட்டில் எழுதப் போகும். அதை முதலாவது பிடிக்கும். பகலில் மில்லிநொடியில் முடியும் இந்த இழுபறி, எல்லாம் ஒரே நேரத்தில் மூடும் வேளையில் முடிச்சாக விழும்.

இரண்டு இருக்கிறதா என்று பார்க்க: ஸ்டார்ட்டில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடி, வலது சொடுக்கில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கருப்புத் திரையில் எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் ஒட்டி அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அட்டவணை வரும். அதில் 'ஆல்டிட்யூட்' என்ற பத்தியில் 320000-இலிருந்து 329999 வரையுள்ள எண்கள் ஆன்டிவைரஸ்களுக்கென்று ஒதுக்கியவை. 328010 விண்டோஸின் சொந்த டிஃபெண்டர். அதை விட்டுவிட்டு, இரண்டு வெவ்வேறு கம்பெனியின் பெயர்கள் அந்த வரம்பில் இருந்தால், கோளாறு அங்கேதான். கன்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்காத பழைய ஆள் இந்த அட்டவணையில் அகப்பட்டுவிடுவார்.

பழையதை எப்படி முழுசாக எடுப்பது?

அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். கரண்ட் நிச்சயமாக இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

1. வைத்துக்கொள்ளப் போகும் ஆன்டிவைரஸின் லைசென்ஸ் கீயை ஒரு தாளில் எழுதுங்கள். பதிவு செய்த ஈமெயில் முகவரியும் போன் எண்ணும் எது என்று உறுதிசெய்யுங்கள்.

2. எடுக்கப்போகும் கம்பெனியின் நீக்கும் கருவியை அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி வையுங்கள். அவாஸ்ட்டுக்கு 'அவாஸ்ட் கிளியர்', மெக்காஃபீக்கு 'எம்சிபிஆர்', காஸ்பர்ஸ்கைக்கு 'கேஏவி ரிமூவர்', நார்டனுக்கு 'ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால்' என்று தனித்தனியே உண்டு. ஒரு கம்பெனியின் கருவி இன்னொன்றுக்கு ஆகாது.

3. லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால், சேஃப் மோடு (தேவையானதை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கும் முறை) போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாவி கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். போய்விட்டுத் தேடினால் பதற்றம்தான் மிச்சம்.

4. 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாக முதலில் சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

5. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' சொடுக்குங்கள். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', மறுபடி 'ரீஸ்டார்ட்'. வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோடு.

6. இறக்கி வைத்த கருவியை அங்கே ஓட்டி, முடிந்ததும் சாதாரணமாகத் திறங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஒரே ஒரு ஆன்டிவைரஸின் பெயர் பச்சைக் குறியோடு இருக்க வேண்டும். அதன் பிறகு ஸ்டாப்வாட்சோடு ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு இல்லை, ஒன்றுதான், அதுவே மாட்டுகிறது என்றாலும் இதே வழிதான். எடுத்துவிட்டு, புதிய பதிப்பை இறக்கிப் போடுங்கள். கரண்ட் போன நேரத்தில் அதன் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் கெட்டிருந்தால் எத்தனை அப்டேட் போட்டாலும் அது நேராகாது.

ரீஸ்டார்ட் கொடுத்தால் உடனே ஆகிறது, ஷட்டவுன் மட்டும் நிற்கிறது. ஏன்?

நல்ல தடயம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் அடிப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துத் தூங்கும். ரீஸ்டார்ட் என்றால்தான் எல்லாவற்றையும் உண்மையில் மூடும். ஆகவே ரீஸ்டார்ட் சரியாக இருந்து ஷட்டவுன் மட்டும் நின்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திப் பாருங்கள்.

'கன்ட்ரோல் பேனல்', 'பவர் ஆப்ஷன்ஸ்', 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ'. மேலே நீல எழுத்தில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்' என்பதைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள டிக்கை எடுக்க முடியும். எடுத்து 'சேவ்' கொடுங்கள். காலையில் சிஸ்டம் திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டுமே நின்றால் மேலே சொன்ன ஆன்டிவைரஸ் வழிக்குப் போங்கள்.

சாரல் காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது. யுபிஎஸ் கத்தும்போது ஷட்டவுன் மாட்டினால் என்ன செய்ய?

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மரக்கிளையை ஒயரில் போடும். ஐப்பசியில் இடி. இரண்டுக்கும் இந்த வட்டாரத்தில் தப்ப முடியாது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். புதிதாக இருந்தால் ஒரு டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் 10 முதல் 15 நிமிடம் தாங்கும். இரண்டு மூன்று வருடம் ஆன பேட்டரி மூன்று நிமிடத்தில் கையை விரித்துவிடும். ஷட்டவுனுக்கு மூன்று நிமிடம் எடுக்கும் சிஸ்டமும் மூன்று நிமிடம் தாங்கும் பேட்டரியும் சேர்ந்தால் டாலி தரவு போவது உறுதி.

எனவே கரண்ட் போனதும் "இப்போ வந்துரும்" என்று காத்திருக்காதீர்கள். டாலியில் கன்ட்ரோல்-க்யூ கொடுத்து வெளியே வாருங்கள், மற்றதைச் சேமியுங்கள், உடனே ஷட்டவுன் கொடுங்கள். டாலி மூடியபின் ஷட்டவுன் மாட்டினால்கூட கணக்குக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. அது சூடாகும் ஒரு நொடியில் இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் விழுந்துவிடும்.

அப்டேட்டுக்கும் நேரம் பாருங்கள். மலையடிவாரத்தில் போன் ஹாட்ஸ்பாட் சிக்னல் வந்து வந்து போகும். கடை அடைக்கும் நேரத்தில் பாதி இறங்கிய அப்டேட்டோடு ஷட்டவுன் கொடுத்தால் மாட்டத்தான் செய்யும். ஆன்டிவைரஸ் செட்டிங்கில் அப்டேட்டையும் முழு ஸ்கேனையும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

எப்போதுதான் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாம்?

10 நிமிடம் ஆகியும் அணையவில்லை, கேபினெட்டில் உள்ள டிஸ்க் விளக்கு ஒரு முழு நிமிடம் சிமிட்டவே இல்லை, திரையில் அப்டேட் வாசகம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் எதையோ எழுதுகிறது, கை வைக்காதீர்கள். சுவரில் உள்ள சுவிட்சை எந்த நிலையிலும் முதலில் தொட வேண்டாம்.

கடையில் வேலை செய்யும் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அணைப்பது அவர்தான்.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைக் குறைத்தால் ஷட்டவுன் வேகமாகும் என்கிறார்களே?

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம். அதில் உள்ள 'வெயிட்-டு-கில்-சர்வீஸ்-டைம்அவுட்' என்ற மதிப்பைச் சொல்கிறார்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு அது ஏற்கனவே 5000, அதாவது 5 நொடிதான். அதை 1000 ஆக்கினால் எழுதி முடிக்காத சர்வீஸ்களின் கழுத்தை நெரிக்கிறீர்கள். இன்னொரு விஷயம்: ஷட்டவுன் பற்றி முன்கூட்டியே தகவல் கொடு என்று விண்டோஸிடம் பதிந்து வைத்திருக்கும் சர்வீஸ்களுக்குத் தனி அவகாசம் உண்டு. இந்த எண் அதைத் தொடாது. உங்கள் ஆன்டிவைரஸ் அப்படிப் பதிந்திருந்தால் ஆபத்து மட்டும் மிஞ்சும், வேகம் வராது. வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரியில் வேறு யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். 'கிளியர்-பேஜ்ஃபைல்-அட்-ஷட்டவுன்' 1 என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் பல ஜிபி கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் அணையும். 0 ஆக்குங்கள்.

டிஸ்க் கெட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். டிஸ்கின் கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். இவற்றில் எண் ஏறியிருந்து மேலே மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், ஆன்டிவைரஸ் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் டாலி தரவையும் ஆவணங்களையும் வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். கெட்ட இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், ஆன்டிவைரஸ் அதற்காகக் காத்திருக்கும், நீங்கள் ஆன்டிவைரஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' எப்போதும் 100 சதவீதம் காட்டினால் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லா வைத்தியத்தையும்விட அது ஒன்று அதிகப் பலன் தரும்.

கைரேகைக் கருவி, எடைமேடைக் கேபிள் இவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவிக்கென்று, கைரேகையைப் பதிந்து அனுப்பும் ஆர்டி சர்வீஸ் ஒன்று பின்னணியில் ஓடும். எடைமேடையில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக எடை எண் வந்துகொண்டே இருக்கும். புரோகிராமை மூடாமல் ஷட்டவுன் கொடுத்தால் அந்தப் போர்ட் விடுபடாது. ஒரு வாரம் பரிசோதியுங்கள்: மாலையில் முதலில் எடை புரோகிராமை மூடி, கருவியைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு ஷட்டவுன். சரியாக அணைந்தால் கருவியின் டிரைவரைப் புதுப்பியுங்கள். ஆன்டிவைரஸ்மேல் பழி போட வேண்டாம்.

வைரஸே காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவ் செருகப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். திறந்த வேலைகளைச் சேமித்துவிட்டு ஓட்டுங்கள்.

கொல்லத்தில் வாங்கிய ஆன்டிவைரஸ் கீ செங்கோட்டையில் செல்லுமா?

செல்லும். கீக்கு நாட்டு எல்லை இருக்கலாம், மாநில எல்லை கிடையாது.

இன்னும் விண்டோஸ் 7, 10 வைத்திருக்கிறோம். அதனாலா?

ஓரளவு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தது. புதிய ஆன்டிவைரஸ் பதிப்புகள் பழைய விண்டோஸில் சோதிக்கப்படுவது குறைந்துகொண்டே வரும். விண்டோஸ் 7 சிஸ்டத்தை எடைச்சீட்டு அடிக்க மட்டும் வைத்திருந்தால் நெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இ-வே பில் போடுவதும் பேங்க் வேலையும் அதில் கூடவே கூடாது.

பேசாமல் எல்லா ஆன்டிவைரஸையும் எடுத்துவிட்டால்?

வெளியே வாங்கியதை எடுக்கலாம். விண்டோஸ் 10, 11-இல் சொந்த டிஃபெண்டர் தானாகவே வேலைக்கு வந்துவிடும். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உள்ள சிறு கடைக்கு அது போதும் என்பதே எங்கள் கருத்து, விண்டோஸ் அப்டேட் ஒழுங்காக நடந்தால். டிஃபெண்டரையும் அணைத்துவிட்டு ஓட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். டாலி மெதுவாக இருக்கிறது என்றால் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பகுதியில் டாலியின் தரவு ஃபோல்டரை மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ பென் டிரைவையோ அதில் சேர்த்தால் வாசல் கதவைக் கழற்றி வைத்ததற்குச் சமம்.

எதற்கும் சரியாகவில்லை. ஆன்டிவைரஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் என்ன சொல்வது?

"ஹேங் ஆகுது" என்று மட்டும் சொன்னால் "ரீஇன்ஸ்டால் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். விண்டோஸ் பதிப்பு, ஆன்டிவைரஸின் பதிப்பு எண், 203 பதிவில் வந்த கோப்பின் பெயர், மில்லிநொடி, எத்தனை நாளாக என்ற ஐந்தையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். போன் எண்ணை உங்கள் ஆன்டிவைரஸுக்குள் இருக்கும் உதவிப் பக்கத்திலிருந்து எடுங்கள், கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள். அவர்களாகவே உங்களை அழைத்து, "உங்கள் சிஸ்டத்தில் வைரஸ் இருக்கிறது, எனிடெஸ்க் போடுங்கள்" என்றால் (அது தொலைவிலிருந்து உங்கள் சிஸ்டத்தை இயக்கும் மென்பொருள்) இணைப்பைத் துண்டியுங்கள். நீங்களே அழைத்து தொலைவிலிருந்து பார்க்க அனுமதித்தாலும், டாலியையும் பேங்க் பக்கத்தையும் மூடிவிட்டு, அவர்கள் வேலை முடிக்கும்வரை திரையை விட்டு நகராதீர்கள்.